பயணச்சீட்டும் உயிரின் மதிப்பும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரை 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்ட நீலகிரி மலை இரயில் பாதையில் லவ்டேல் ஒரு சிறு நிலையம். கேத்தியைக் கடந்து உதகையை நெருங்கும் வேளையில் வண்டி அங்கே சற்று நின்று செல்கிறது. அந்நிலையத்தில் ஏறும் பயணியின் கையில் உள்ள சீட்டு வெறும் காகிதத் துண்டன்று. "உம்மை உயிரோடு கொண்டு சேர்ப்போம், தவறினால் உம் குடும்பத்திற்குப் பொறுப்பேற்போம்" என்னும் வாக்குறுதி அதனுள் அடங்கியிருக்கிறது. அந்த வாக்குறுதி சட்டமாக மலர்வதற்கு எத்தனை குடும்பங்கள் கண்ணீர் சிந்தின என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் வியப்பூட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. மனிதரைக் கொன்ற பொருள், அது வண்டியாயினும் விலங்காயினும், கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியதாகக் கருதப்பட்டது. அதன் மதிப்பு அறச்செயல்களுக்கெனவே முதலில் வகுக்கப்பட்டது. காலப்போக்கில் அரசுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் உரிய வருவாயாயிற்று. கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ அதில் உரிமை இல்லை. 1808ஆம் ஆண்டில், வாடகைக் குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், மனிதரின் மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பாகக் கொண்டு முறையிட முடியாது என்று கூறப்பட்டது. கால் முறிந்தவருக்கு ஈடு உண்டு. உயிர் போனவரின் குடும்பத்திற்கு ஒன்றுமில்லை!

இருப்புப் பாதை வந்தபின் இம்முரண்பாடு மேலும் வெளிப்பட்டது. 1841ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள், இங்கிலாந்தின் சொன்னிங் என்னுமிடத்தில் மண்சரிவில் மோதிய இரயிலில் திறந்த பெட்டிகளில் சென்ற ஏழைப் பயணிகள் மாண்டனர். விசாரித்த நடுவர் குழு எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுன் விதித்தது. ஆயினும் அத்தொகையைக் கேட்கும் உரிமை இறந்தோர் குடும்பங்களுக்கு இல்லை. 1846இல்தான் அப்பழைய வழக்கம் ஒழிக்கப்பட்டு, குடும்பத்தார் ஈடு கோரும் சட்டம் பிறந்தது. இந்தியாவில் 1855இல் அதையொத்த சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கித் தென்னகத்தின் முதற்பயணிகள் இரயில் புறப்பட்டது.

ஆனால் அச்சட்டப்படி, இரயில்வேயின் கவனக்குறைவைக் குடும்பத்தாரே மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறியாத ஏழைத்தாய் எங்ஙனம் மெய்ப்பிப்பாள்? 1943இல் செய்யப்பட்ட திருத்தமே இப்பாரத்தை இறக்கியது. மோதல், தடம் புரளல் போன்ற விபத்துகளில் யார்மேல் தவறு என்று பாராமல், 10,000 ரூபாய் வரை ஈடு வழங்க வகை செய்யப்பட்டது. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்து ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததை நாடு இன்றும் போற்றுகிறது. அது அறத்தின் பொறுப்பு. ஆனால் உழைப்பவரை இழந்த வீட்டில் மறுநாள் அடுப்பெரிய வேண்டுமானால் சட்டத்தின் பொறுப்பும் தேவை.

ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தவரின் குடும்பம் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றது. 1989இல் இரயில்வே உரிமைக்கோரிக்கைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. 1994 ஆகஸ்டு முதல் தவறி விழுதலும் ஈட்டுக்குரிய நிகழ்வாக ஏற்கப்பட்டது. தற்கொலை, குடிபோதை, தன் குற்றச்செயல், இயற்கை நோய் முதலியன விலக்கப்பட்டுள்ளன. உடலருகே சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒன்றே கோரிக்கையைத் தள்ளப் போதாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய விவரங்களைக் குடும்பத்தார் உறுதிமொழிப் பத்திரத்தில் அளித்தால், மறுத்து நிறுவும் பொறுப்பு இரயில்வேயைச் சேரும். எனினும் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் கால வரையறையைத் துயரத்தில் மூழ்கிய குடும்பங்கள் பல வேளை அறியாதிருக்கின்றன.

2017 சனவரி முதல் உயிரிழப்புக்கான தொகை 8 இலட்சம் ரூபாய். இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. சாலை விபத்தில் இறந்தவரின் வருமானத்தைக் கணக்கிட்டே பொதுவாக ஈடு வரையறுக்கப்படுகிறது. அங்கே அதிகாரியின் உயிர் மிகுதி, கூலியாளின் உயிர் குறைவு. இரயில் விபத்திலோ தொகை ஒன்றே. லவ்டேலில் ஏறும் தோட்ட மேலாளருக்கும், அதே வண்டியில் ஏறும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் சட்டத்தின் தராசில் ஒரே எடை. தொகை போதாது என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆயினும் மனித மாண்பு வருமானத்தைப் பொறுத்ததன்று என்னும் உண்மையை இந்த வறண்ட விதி அறிந்தோ அறியாமலோ அறிக்கையிடுகிறது.

எந்தத் தொகையும் உயிருக்கு விலையாகாது. ஆனால் விலையாகாது என்று கூறியே ஒரு காலத்தில் ஏழைக்கு ஒன்றும் கொடாது அனுப்பினார்கள். நம் ஊரில், நம் பங்கில் இத்தகைய துயரம் நேரும்போது, ஆறுதல் மொழியோடு நின்றுவிடாமல், அந்த ஓராண்டு கடந்துபோகுமுன் மனு எழுதத் துணை நிற்பதும் நம் கடமையன்றோ?