காற்று நின்ற பின்னும் எரிந்த விளக்குகள்

‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது நம் களத்துமேட்டுப் பழமொழி. நெல் தூற்றுபவருக்குக் காற்று நின்றால் வேலை நிற்கும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் காற்றைக்கொண்டு வீட்டுக்கு விளக்கேற்ற நினைப்பவர் என்ன செய்வார்? காற்று அடிக்கும் நேரம் வேறு, விளக்கு வேண்டிய நேரம் வேறு அல்லவா? இடையில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க ஒரு குதிர் வேண்டும். அந்தக் குதிர் எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்ற கணக்குக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

பிரெஞ்சு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளான்டே 1859-இல் இரண்டு காரீயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். செலுத்திய மின்சாரத்தை வாங்கிவைத்து, வேண்டும்போது திருப்பித்தரும் காரீய-அமில சேமக்கலம் இவ்வாறு பிறந்தது. 1881-இல் காமில் ஃபோர் என்பவர் தகடுகளில் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசினார். கொள்திறன் உயர்ந்தது, தொழிற்சாலையில் செய்வதும் எளிதாயிற்று.

இனி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குச் செல்வோம். வில்விளக்குகளால் 1879-இல் அந்நகரச் சதுக்கத்துக்கு ஒளியூட்டிய சார்லஸ் பிரஷ், 1888-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் மாபெரும் காற்றாலை ஒன்றை நிறுவினார். அதன் சக்கரத்தின் விட்டம் 17 மீட்டர்; தேவதாரு மரத்தாலான இதழ்கள் 144. அது சுழற்றிய டைனமோவின் உச்சத்திறன் 12 கிலோவாட். வீட்டின் நிலவறையில் 408 சேமக்கலங்கள் இருந்தன. தொடராக இணைத்த 34 கலங்கள் ஓர் அடுக்கு. அத்தகைய 12 அடுக்குகள் பக்க இணைப்பில். கலம் ஒவ்வொன்றின் கொள்திறன் 100 ஆம்பியர்-மணி.

இந்த எண்களை வைத்து நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கலத்துக்கு 2 வோல்ட் வீதம் 34 கலங்களுக்கு 68 வோல்ட். 12 அடுக்குகளின் கொள்திறன் 1,200 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 81,600 வாட்-மணி. அதாவது ஏறத்தாழ 82 யூனிட். வீட்டில் 350 விளக்குகள் இருந்தாலும் அன்றாடம் எரிந்தவை சுமார் நூறு. அக்காலக் கார்பன் இழை விளக்கு ஒன்றுக்கு 50 வாட் என்று கொண்டால், நூறு விளக்குகளுக்கு 5 கிலோவாட். கலங்களை அடிவரை வழித்தெடுத்தால் 16 மணி நேரம் ஓடும். ஆனால் காரீயக் கலத்தை அவ்வாறு வழித்தெடுக்கலாகாது. தகட்டில் படியும் காரீய சல்ஃபேட் இறுகிப்போய் கலத்தின் ஆயுள் குறையும். பாதியோடு நிறுத்தினால் 8 மணி நேரம். மாலைக்கு நான்கு மணி நேரம் என்றால், காற்றில்லாத இரண்டு நாள்களைச் சமாளிக்கலாம். அந்தக் காற்றாலை இருபது ஆண்டுகள் உழைத்தது.

சரி, விருந்து நாளில் 350 விளக்குகளையும் ஏற்றினால்? தேவை 17.5 கிலோவாட். 82-ஐ 17.5-ஆல் வகுத்தால் நாலரை மணிக்கு மேல் வருகிறது. ஆனால் சேமக்கலம் இந்த வகுத்தலுக்குக் கட்டுப்படுவதில்லை. அதற்கான விதியை 1897-இல் வகுத்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட். மின்னோட்டம் கூடக்கூட, கலத்திலிருந்து கிடைக்கும் மொத்த ஆம்பியர்-மணி குறையும் என்றார் அவர். விரைந்து மின்சாரம் எடுக்கும்போது தகட்டின் நுண்துளைகளிலுள்ள அமிலம் தீர்ந்துவிடுகிறது. வெளியிலுள்ள அமிலம் உள்ளே ஊறிவர நேரம் போதவில்லை. எடுத்துக்காட்டாக, 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் 100 ஆம்பியர்-மணிக் கலத்திலிருந்து 20 ஆம்பியர் எடுத்தால் 5 மணி நேரம் ஓடவேண்டும். பாய்கெர்ட் அடுக்கெண் 1.2 எனில், நான்கு மணி நேரம்கூட ஓடாது. கிடைப்பது சுமார் 76 ஆம்பியர்-மணியே.

டென்மார்க்கின் அஸ்கோவ் ஊர் ஆசிரியர் பௌல் லா கூரும் 1891-இல் காற்றாலை அமைத்தார். ஆனால் சேமக்கலங்களின் விலை அவரை மிரட்டியது. எனவே மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து, அதைக்கொண்டு பள்ளிக்கு விளக்கேற்றினார். காற்று இலவசம், சேமிப்புக்குத்தான் செலவு. குதிரைச் சிறிதாகச் செய்தால் இருட்டு. பெரிதாகச் செய்தால் கடன்!

இன்று கதிரொளித் தகடு பொருத்துவோருக்கும் இதே கணக்குதான். நாளொன்றுக்கு 2 யூனிட் தேவை. மேகமூட்டமான இரண்டு நாள்களைத் தாங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேவை 4 யூனிட். பாதி மட்டுமே எடுக்கலாம் என்பதால் கலங்கள் 8 யூனிட் கொள்ளவேண்டும். 24 வோல்ட் அமைப்பில் அது சுமார் 333 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதற்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவேண்டும். லித்தியம் கலங்களை மேலும் ஆழமாகக் காலிசெய்யலாம். பாய்கெர்ட் விளைவும் அவற்றில் குறைவு. ஆயினும் ஒரு நாள் தேவை எவ்வளவு, எத்தனை நாள் தாங்கவேண்டும், எவ்வளவு ஆழம் எடுக்கலாம், எவ்வளவு விரைவாக எடுக்கப்போகிறோம் என்ற நான்கு கேள்விகளும் மாறவில்லை.

கடையில் விலையைக் கேட்குமுன் இந்த நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தூற்றிக்கொண்டால் மட்டும் போதாது. எவ்வளவு அள்ளிவைப்பது என்பதும் தெரியவேண்டும்.