கால்நடை மருத்துவக் கல்விக்கான நிதி: இன்றைய ஒதுக்கீடு கிராமத்தைச் சென்றடைய ஆறு ஆண்டுகள்

புதுதில்லி: நாட்டின் மாடுகளையும் எருமைகளையும் மட்டும் கணக்கில் கொண்டாலே சுமார் 60,000 கால்நடை மருத்துவர்கள் தேவை. ஆடுகள், பன்றிகள், கோழிகள் இதில் சேரவில்லை. இந்த மருத்துவர்களை உருவாக்கும் கல்விக்கு நிதி எங்கிருந்து வருகிறது, அது எவ்வாறு செலவிடப்படுகிறது, விவசாயிக்கும் நுகர்வோருக்கும் அதனால் என்ன பயன் என்பது குறித்த விளக்கம்:

கிராமப்புற வருவாயில் கால்நடைகள்

2019-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 53 கோடியே 57 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் உள்ளன. இவற்றில் சுமார் 96 சதவீதம் கிராமப்புறங்களில் வளர்க்கப்படுகின்றன. கோழி உள்ளிட்ட பறவையினங்களின் எண்ணிக்கை தனியாக 85 கோடியைத் தாண்டியுள்ளது.

தேசிய மாதிரி ஆய்வின் 77-ஆவது சுற்று முடிவுகளின்படி, 2018-19-ஆம் ஆண்டில் விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் ரூ.10,218. இதில் கால்நடை வளர்ப்பின் பங்கு ரூ.1,582, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மழை பொய்த்துப் பயிர் கருகும் ஆண்டிலும் பால் விற்ற பணம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். திருமணம், மருத்துவச் செலவு போன்ற அவசரத் தேவைகளுக்கு ஆடுகளே சேமிப்பாக உதவுகின்றன. ஓரிரு மாடுகளை மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்தில் ஒரு கறவை மாடு இறந்தால், அன்றாட வருமானத்துடன் பல ஆண்டுச் சேமிப்பும் பறிபோகிறது.

உணவுப் பாதுகாப்பிலும் இத்துறைக்கு முக்கியப் பங்கு உண்டு. உலகிலேயே அதிக அளவில் பால் உற்பத்தி செய்யும் நாடான இந்தியாவில், 2023-24-ஆம் ஆண்டில் 23 கோடியே 93 லட்சம் டன் பால் உற்பத்தியானது.

எத்தனை மருத்துவர்கள் தேவை?

5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வீதம் இருக்க வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. பெரிய, சிறிய கால்நடைகளை ஒரே அளவுகோலில் கணக்கிடுவதற்கான முறையே கால்நடை அலகு எனப்படுகிறது. 2019 கணக்கெடுப்பின்படி மாட்டினங்களின் எண்ணிக்கை 30 கோடிக்கும் அதிகம் என்பதால், அவற்றுக்கு மட்டும் சுமார் 60,000 மருத்துவர்கள் தேவைப்படுகின்றனர்.

பட்டம் பெறும் அனைவரும் கிராமப்புற மருந்தகங்களுக்குச் செல்வதில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல், மருந்து நிறுவனங்கள், கோழிப் பண்ணைத் தொழில், நகர்ப்புறங்களில் செல்லப்பிராணிகளுக்கான சிகிச்சை எனப் பல துறைகள் அவர்களை ஈர்க்கின்றன. மாநில அரசுகளில் கால்நடை மருத்துவர் பணியிடங்கள் காலியாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழுவும் சுட்டிக்காட்டியுள்ளது.

நிதி யாருடைய பொறுப்பு?

அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15-ஆவது இனமாகக் கால்நடைப் பாதுகாப்பு, நோய்த் தடுப்பு, கால்நடை மருத்துவப் பயிற்சி, மருத்துவத் தொழில் ஆகியவை இடம்பெற்றுள்ளன. எனவே கல்லூரிகளைத் தொடங்குவது, பேராசிரியர்களுக்கு ஊதியம் வழங்குவது ஆகியவை பெரும்பாலும் மாநில அரசுகளின் நிதிநிலையைச் சார்ந்தவை. அதேசமயம், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவுவதைத் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-ஆவது இனத்தின் கீழ் மத்திய, மாநில அரசுகளின் கூட்டுப் பொறுப்பாகும்.

கல்வித் தரத்தை, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட கவுன்சில் ஒழுங்குபடுத்துகிறது. அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டின் கீழ் நிரப்பப்படுகின்றன.

மத்திய அரசின் நிதி பெரும்பாலும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் வழியாக வருகிறது. வேளாண் உயர்கல்வியை வலுப்படுத்த உலக வங்கி உதவியுடன் ரூ.1,100 கோடி மதிப்பிலான திட்டம் 2017-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஏழு வேளாண் திட்டங்களில், நீடித்த கால்நடை நலம் மற்றும் உற்பத்திக்கு ரூ.1,702 கோடி ஒதுக்கப்பட்டது. கால்நடை மருத்துவக் கல்வியும் அதன் ஒரு கூறாகும்.

செலவு அதிகமாவது ஏன்?

இளநிலைக் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உள்பட ஐந்தரை ஆண்டுகள் நீடிக்கிறது. மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை, நாய், கோழி என உடலமைப்பில் முற்றிலும் வேறுபட்ட பல உயிரினங்களின் நோய்களை மாணவர்கள் கற்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு கல்லூரியிலும் சிகிச்சை வளாகமும் கால்நடைப் பண்ணையும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வகங்கள், மருந்து, தீவனம், பண்ணைப் பணியாளர்கள் என ஆண்டுதோறும் தொடரும் செலவுகளைக் கட்டுமானத்துக்கான ஒருமுறை நிதியால் ஈடுசெய்ய இயலாது.

பயிற்சி மருத்துவர்களுக்கு வழங்கப்படும் உதவித்தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அதை உயர்த்தக் கோரிப் பல மாநிலங்களில் மாணவர்கள் போராட்டம் நடத்தியுள்ளனர்.

முந்தைய முதலீட்டின் பயன்

இன்று உத்தரப் பிரதேச மாநிலம் இஸத்நகரில் இயங்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், 1889-ஆம் ஆண்டு புணேயில் ஆய்வகமாகத் தொடங்கப்பட்டது. ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோய் அப்போது மாட்டு மந்தைகளை முற்றாக அழித்து வந்தது. பல தலைமுறை ஆராய்ச்சியாளர்களும் களத்தில் தடுப்பூசி செலுத்திய மருத்துவர்களும் மேற்கொண்ட பணியால், 1995-ஆம் ஆண்டுக்குப் பிறகு நாட்டில் அந்நோய் தலைகாட்டவில்லை. 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகமும் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அண்மைக்கால அனுபவமும் இதையே உணர்த்துகிறது. ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் 2022-ஆம் ஆண்டு தோல் கழலை நோய் பரவியதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் உயிரிழந்தன. ஆட்டம்மைத் தடுப்பூசியைக் கொண்டு பரவலைக் கட்டுப்படுத்தும் பணி நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரைகள் ஆராய்ச்சி மையமும் இஸத்நகர் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய உள்நாட்டுத் தடுப்பூசி அறிமுகம் செய்யப்பட்டது.

தடுப்பூசியும் வாகனமும் போதுமா?

கோமாரி நோய், கன்று வீச்சு நோய் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ரூ.13,343 கோடி மதிப்பிலான தேசியத் திட்டம் 2019-ஆம் ஆண்டு மதுராவில் தொடங்கி வைக்கப்பட்டது. கன்று வீச்சு நோய் காய்ச்சாத பாலின் மூலம் மனிதர்களுக்கும் பரவக்கூடியது. இத்துடன், ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்ற அடிப்படையில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளும் இயக்கப்படுகின்றன. விவசாயிகள் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் இச்சேவையைக் கோரலாம்.

ஆனால், ஒவ்வொரு ஊர்தியிலும் ஓட்டுநர், உதவியாளருடன் ஒரு மருத்துவரும் இருந்தாக வேண்டும். சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே கால்நடைகளுக்கு முழுமையான சிகிச்சை அளிக்கலாம். பட்டயம் பெற்ற பணியாளர்கள், மாநில அரசின் அனுமதியுடன், மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளை மட்டுமே மேற்கொள்ள இயலும். மருத்துவர் கிடைக்காத இடங்களில் தகுதியற்றோர் முறையின்றி அளிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் எச்சம் பாலிலும் இறைச்சியிலும் கலந்து நுகர்வோரையும் சென்றடைகிறது.

தடுப்பூசியை ஒரே ஆண்டில் கொள்முதல் செய்யலாம். ஊர்தியைச் சில மாதங்களில் வாங்கிவிடலாம். ஆனால், இந்த ஆண்டு சேரும் மாணவர் கிராம மருந்தகத்தில் பொறுப்பேற்க ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகும். புதிய கல்லூரி என்றால், கட்டுமானத்துக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் ஆகும் காலம் இதனுடன் சேரும். ஆகவே, நோய் பரவிய பிறகு ஒதுக்கப்படும் அவசர நிதி எவ்வளவு பெரிதாக இருப்பினும், கல்விக்கு ஆண்டுதோறும் இடைவிடாது வழங்க வேண்டிய நிதிக்கு அது மாற்றாகாது.