குத்துச்சண்டையை எழுதியவர்கள்

லண்டன் பத்திரிகையாளர் பியர்ஸ் ஈகன் 1812-இல் ‘பாக்ஸியானா’ தொகுப்புகளைத் தொடங்கியபோது சண்டை வெறுங்கையால் நடந்தது. சட்டத்துக்குப் புறம்பாகவும் இருந்தது. திடலில் கூடிய பிரபுக்களையும் சாமானியர்களையும் தெருப்பேச்சு மணக்க ஒரே பக்கத்தில் நிறுத்தினார் ஈகன்.

‘நியூயார்க்கர்’ இதழின் ஏ. ஜே. லீப்ளிங் அவரையே ஆசானாகக் கொண்டார். 1956-இல் வந்த ‘தி ஸ்வீட் சயின்ஸ்’ நூலின் தலைப்பே ஈகனிடமிருந்து எடுத்ததுதான். ஜோ லூயிஸை மார்சியானோ வீழ்த்திய 1951 சண்டையை அதில் படிக்கும்போது, அரங்கத்தின் இரைச்சலே காதில் விழுகிறது.

கின்ஷாசாவில் 1974-இல் முகமது அலி கயிற்றில் சாய்ந்து ஃபோர்மேனின் அடிகளை வாங்கி, எட்டாவது சுற்றில் அவரைச் சாய்த்ததை நார்மன் மெய்லர் ‘தி ஃபைட்’ நூலில் எழுதினார். விறுவிறுப்பான புத்தகம், மெய்லர்தான் அதில் கொஞ்சம் அதிகம்.

எஃப். எக்ஸ். டூல் வேறு ரகம். வீரர்களின் வெட்டுக்காயத்தை அடைப்பது அவர் வேலை. சுற்றுகளுக்கு இடையே கிடைப்பது ஒரே நிமிடம். அதற்குள் ரத்தத்தைத் துடைத்து, அட்ரினலின் தோய்த்த பஞ்சைக் காயத்தில் அழுத்தி, வாசலின் பூசி அனுப்ப வேண்டும். எழுபதை எட்டும் வயதில், 2000-இல், அவரது முதல் சிறுகதைத் தொகுப்பு ‘ரோப் பர்ன்ஸ்’ வெளியானது. அதிலிருந்து உருவான ‘மில்லியன் டாலர் பேபி’ ஆஸ்கர் வென்றபோது அவர் உயிருடன் இல்லை.

ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரம் என்றால், டூலை எடுங்கள்.