அரசாங்கம் அளந்து கொடுத்த தோட்டா

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு வரை நீளும் மலையடிவாரத்தில் மிளாவும் காட்டுப்பன்றியும் வேட்டையாடப்பட்ட காலம் ஒன்று உண்டு. வேட்டைக்குப் போனவர் எந்தத் தோட்டாவை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், குண்டின் எடை, வேகம், விலங்கின் தோல் கனம் என்று வேட்டை நூல்கள் விடை சொல்லும். அது பாதி விடைகூட ஆகாது. தன் தோட்டா ஒருநாள் தன்மேலேயே திரும்பிவிடுமோ என்று அரசுக்கு இருந்த அச்சமே இந்நாட்டில் தோட்டாவின் அளவை முடிவுசெய்தது. தென்பாண்டிச் சீமை இதை மற்றப் பகுதிகளுக்கு வெகு முன்பே அனுபவித்தது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த கையோடு, 1801 டிசம்பரில், கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி அரசு பிரகடனம் வெளியிட்டது. நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878-ல்தான் வந்தது. அதிலும் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது.

அச்சம் அளவாக மாறியதற்குத் தெளிவான சான்று 1907-ல் கிடைக்கிறது. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய படைத்துப்பாக்கியின் குண்டு .450 அங்குல அளவு. கலகக்காரர் கையில் அந்தத் துப்பாக்கிகள் இருந்ததால், அதே அளவுள்ள வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் இந்தியாவிலும் சூடானிலும் தடை வந்தது. யானைக்கும் காட்டெருமைக்கும் .450 நன்றாகவே பயன்பட்டுவந்த தோட்டா. வேட்டைக்காரர் யாரும் அதைக் குறைசொல்லவில்லை. இங்கிலாந்தின் துப்பாக்கிப் பட்டறைகள் உடனே .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புதிய தோட்டாக்களைக் கொண்டுவந்தன. அவற்றின் ஆற்றல் ஏறக்குறைய .450-இன் ஆற்றலேதான். இன்றும் புகழோடு பேசப்படும் .470, காட்டின் தேவையிலிருந்து பிறக்கவில்லை. ஒரு தடையாணைக்குப் பக்கவழியாகப் பிறந்தது.

நம் ஊர்களுக்கு நெருக்கமான கதை .303-க்கும் .315-க்கும் இடையிலானது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டா .303. 1910-ல் வந்த அதன் ஏழாம் மார்க் வடிவம் 174 கிரெயின் எடையுள்ள கூர்முனைக் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,440 அடி வேகத்தில் செலுத்தியது. படைத்தோட்டா என்பதால் அது வேட்டைக்காரருக்கு மறுக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த .315, ஆஸ்திரியாவின் மான்லிக்கர் படைத்துப்பாக்கிக்கான 8 மி.மீ. தோட்டாவிலிருந்து வந்தது. அதன் 244 கிரெயின் மழுங்கல் குண்டின் வேகம் .303-இன் வேகத்தைவிடக் குறைவு. நூறு கெஜத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. முந்நூறு கெஜத்தில் மழுங்கல் முனை காற்றில் வேகமிழந்து வெகுவாகத் தாழ்ந்துவிடும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி தவறும். இதில் கவனிக்க வேண்டியது, பி.எஸ்.ஏ. நிறுவனம் .315 வேட்டைத் துப்பாக்கியைப் படையின் லீ-என்ஃபீல்டு போல்ட் அமைப்பிலேயே செய்தது என்பதுதான். குழலும் தோட்டா அமரும் அறையுமே முக்கிய வேறுபாடு. மான்லிக்கரும் ஒரு படைத்தோட்டாதான், ஆனால் இந்தியாவில் எந்தப் படைக்கிடங்கிலும் அது கிடையாது. அதுவே அதற்கு உரிமச் சீட்டாயிற்று. காவலுக்கு நின்ற போலீசாரைக்கூட அரசு முழுதாக நம்பவில்லை. அவர்களுக்காக .303 துப்பாக்கிகளின் குழலைக் குடைந்து வரிப்பள்ளமில்லாத .410 மஸ்கட்டாக மாற்றியது.

இத்தனைக்கும் .303 குண்டைத் தள்ளும் கார்டைட் மருந்து இங்கேதான் தயாரானது. நீலகிரி அருவங்காட்டில் அதற்கென 1903-ல் ஆலை நிறுவப்பட்டது. சிவகாசியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதன் வழியே பட்டாசும் வளர்ந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கரிமருந்து, திரியில் ஓடவும் ராக்கெட்டைத் தள்ளவும் உரிமத்தோடு அனுமதிக்கப்பட்டது. குண்டைத் தள்ளும் நவீன மருந்து அரசு ஆலையின் மதிலுக்குள் இருந்தது. மருந்துக் கலையில் இவ்வளவு கைதேர்ந்த ஒரு வட்டாரத்திலிருந்து ஒரு வேட்டைத் தோட்டாகூட வெளிவராததற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை.

இதற்கு மறுப்பு சொல்லலாம். முள்காட்டிலும் சோலையிலும் விலங்கு நூறு கெஜத்துக்குள்தான் கண்ணில் படும். அங்கே கனத்த, மெதுவான .315 குண்டே பொருத்தம் என்பார்கள். பொருத்தம் என்பது உண்மைதான். அந்தப் பொருத்தம் பிறகு கண்டுகொள்ளப்பட்டது என்பதே என் வாதம். .303-ஐயும் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்திருந்தால்தான் அதை விருப்பம் என்று சொல்ல முடியும். புகழ்பெற்ற வேட்டைக்காரர்களான கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரிக் காடுகளில் .405 வின்செஸ்டரோடு அலைந்தாரே, ஜிம் கார்பெட்டிடம் .275 ரிக்பி இருந்ததே என்று கேட்கலாம். அவை வெளிநாட்டிலிருந்து வந்த துப்பாக்கிகள். தோட்டாவும் கப்பலில் வரவேண்டும். உள்நாட்டு ஆலைகளையே நம்பியவருக்கு இஷாப்பூர் அரசுத் துப்பாக்கி ஆலை கொடுத்த .315தான் கைக்கெட்டியது. உரிமமே கிடைக்காத மலையடிவாரத்து ஏழைக்குத் தோட்டா என்ற பேச்சே கிடையாது. வாய்வழியே கரிமருந்தும் ரவையும் இட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் அவனிடம் இருந்தது.

ஆங்கிலேயர் போனபின்னும் இந்த அளவுகோல் மாறவில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1962-ல் வந்த ஆயுத விதிகள் .303 துப்பாக்கிகளை மட்டுமல்ல, அந்தப் படைத்தோட்டா பொருந்தக்கூடிய எந்தத் துப்பாக்கியையும் தடை வகையில் வைத்தன. ஓர் ஆயுதம் எவ்வளவு கொல்லும் என்பதை அந்த வாசகம் பார்க்கவில்லை. யாருடைய கிடங்கிலிருந்து அதற்குத் தீனி கிடைக்கும் என்பதையே பார்த்தது. தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951-லேயே தொடங்கியிருந்தும், நம் வீரர்களின் பெருமை பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியிலும் .22-லும் சிதறு ரவைத் துப்பாக்கியிலுமே அமைந்தது. 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலேயே 300 மீட்டர் ரைஃபிள் போட்டி இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் நெடுந்தூரக் குறிக்கு ஏற்ற தோட்டா கடையில் எளிதில் கிடைக்காத நாட்டில் அந்தக் கலை வேரூன்றுவது கடினம்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. 2021-ல் இந்த மலையே ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. அதை முழுமனதோடு வரவேற்கிறேன். பன்றிகள் கடலையையும் மக்காச்சோளத்தையும் அழிக்கின்றன என்ற உழவர்களின் முறையீட்டுக்குப் பிறகு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கு மட்டுமே.