வந்த நிலத்து மலர்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊர் ஜுரு. கடல் அண்மையில் இருக்கும் தாழ்நிலம். மழை நின்றபின் நீர் எளிதில் வடியாத களிமண். ஆண்டு முழுதும் வெம்மை. இங்குள்ள வீட்டு முன்றில்களில் செம்பருத்தியும் மல்லிகையும் துளசியும் எளிதில் தழைக்கும். டாலியா மட்டும் அவ்வாறு தழைப்பதில்லை. கேமரன் மலையிலிருந்து ஆசையோடு வாங்கி வந்த தொட்டிச்செடி சில வாரங்களில் வாடுவதும், அதன் கிழங்கு மண்ணுக்குள் அழுகிப்போவதும் தாழ்நிலத்துப் பூவிரும்பிகள் பலர் கண்ட ஏமாற்றம். "நம் கைக்கு ராசியில்லை" என்று அவர்கள் தம்மைத் தாமே நொந்துகொள்வர். குறை கையில் இல்லை. அச்செடி பிறந்த இடத்தையும் அது கடந்து வந்த வழியையும் அறியாமையே குறை. ஆதலின், வளர்ப்பு முறையைக் கூறுமுன் வரலாற்றைக் காண்போம்.

டாலியாவின் தாயகம் மெக்சிகோவும் அதனையடுத்த நடு அமெரிக்க மலைப்பகுதிகளும் ஆகும். அங்கு வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள் தம் மொழியில் இதனை நீர்க்குழல் என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். செடியின் தண்டு உள்ளே குழலாக இருப்பதே அதற்குக் காரணம். 1570ஆம் ஆண்டில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் தம் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸை மெக்சிகோவுக்கு அனுப்பினார். அந்நாட்டு மூலிகைகளை ஆராய்ந்த அவர், இச்செடியையும் குறித்துவைத்தார். ஆயினும் செடி உடனே கடல் கடக்கவில்லை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1789ஆம் ஆண்டில், மெக்சிகோவிலிருந்து விசென்டே செர்வான்டஸ் அனுப்பிய விதைகள் மாட்ரிட் நகரத் தாவரப் பூங்காவை அடைந்தன. அங்கே பூத்த மலரைக் கண்ட கவானில்லஸ் என்னும் அறிஞர், 1791ஆம் ஆண்டில் அதற்கு 'டாலியா' என்று பெயரிட்டார். லின்னேயசின் மாணவராகிய ஆண்டர்ஸ் டால் என்னும் சுவீடன் நாட்டறிஞரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. டால் 1789ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். தம் பெயரை ஒரு மலர் ஏற்றதை அவர் அறியார். நூற்றாண்டுகளாக அதனைப் பேணிய ஆஸ்டெக் தோட்டக்காரர் எவருடைய பெயரையும் அம்மலர் ஏற்கவும் இல்லை.

ஐரோப்பியர் இதனை முதலில் மலராக மட்டும் நோக்கவில்லை. உருளைக்கிழங்கைப் போல இதன் கிழங்கும் ஏழைகளின் பசியைத் தீர்க்கும் என்று சிலர் நம்பினர். உருளைக்கிழங்கில் மிகுதியாக உள்ளது மாவுச்சத்து. டாலியாக் கிழங்கிலோ இனுலின் என்னும் வேறொரு பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. சுவையும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. உணவாகத் தோற்ற செடி அழகால் வென்றது. பெரும்பாலான உயிர்களில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக அமைந்திருக்க, தோட்டத்து டாலியாவில் அவை எட்டுத் தொகுதிகளாக உள்ளன. விதைக்கு விதை நிறமும் வடிவமும் மாறுவதற்கு இதுவே அடிப்படை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுப்புது வகைகள் பெருகின.

அந்நூற்றாண்டில் நிகழ்ந்த ஒன்று நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. 1872ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து ஆலந்து நாட்டுக்கு ஒரு பெட்டி நிறையக் கிழங்குகள் கப்பலேறின. நெடும்பயணத்தில் அவை அழுகின. ஒரே ஒரு கிழங்கு மட்டும் உயிர் தப்பியது. அதிலிருந்து கூரிய, சுருண்ட இதழ்களையுடைய செந்நிற மலர் பூத்தது. மெக்சிகோவின் தலைவராக விளங்கிய பெனிட்டோ உவாரெசின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று 'கள்ளி டாலியா' எனப்படும் வகைகளுக்கு அதுவே மூதாதை. ஒரு பெட்டிக் கிழங்கு அழுகியதற்கும் ஜுருவில் ஒரு தொட்டிக் கிழங்கு அழுகுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் பகை, காற்றோட்டமின்றித் தேங்கிய ஈரமே.

ஆசியாவில் ஐரோப்பியர் தம் தோட்டமலர்களுக்கு ஏற்ற இடமாக மலைகளைத் தேர்ந்தனர். உதகமண்டலத்தில் 1848ஆம் ஆண்டில் மெக்கைவர் தாவரப் பூங்கா அமைக்கும் பணியைத் தொடங்கினார். கொடைக்கானலில் பிரையன்ட் பூங்கா 1908ஆம் ஆண்டில் உருவாயிற்று. இலங்கையில் நுவரெலியாவை அடுத்த ஹக்கல தோட்டம் 1861ஆம் ஆண்டைச் சார்ந்தது. பினாங்கில் 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் தண்ணீர்மலைப் பகுதியில் தாவரப் பூங்காவை உருவாக்கினார். 1923ஆம் ஆண்டில் கொடிமலைக்கு இழுவை ரயில் ஓடத் தொடங்கியது. இங்கும் மேலாளர்களின் பெயர்களை ஏடுகள் காத்துள்ளன. மண்ணை வெட்டிப் பாத்தி கட்டி, நாள்தோறும் நீர் சுமந்தவர்களின் பெயர்கள் அவ்வாறு காக்கப்படவில்லை.

மலை ஏன் டாலியாவுக்கு உகந்தது? அதன் தாயகத்தில் பகல் வெயிலுக்குப் பின் இரவு குளிரும். மழை பெய்தாலும் மலைச்சரிவில் நீர் தேங்காது. ஜுருவிலோ இரவிலும் வெம்மை குறைவதில்லை. மேலும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள இவ்வூரில் பகற்பொழுது ஆண்டு முழுதும் 12 மணி நேரத்தை ஒட்டியே அமையும். பகல் குறுகக் குறுக, டாலியா பூப்பதைக் குறைத்துக் கிழங்கைப் பெருக்கும் இயல்புடையது. எனவே மலைநாட்டுப் பெருமலரை இங்கே எதிர்பார்த்தல் பொருந்தாது. உள்ளங்கையில் அடங்கும் மலரே நம் நிலத்துக்கு இயல்பு.

இவ்வரலாறு கற்பிக்கும் வளர்ப்பு முறை எளியது. தாழ்நிலத்தார் விதையிலிருந்து வளரும் குட்டை வகைகளைத் தேர்தல் நலம். தரையிலிருந்து ஓரடி உயர்த்திய பாத்தியில், மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் நடவேண்டும். பாத்தி அமையாவிடின் அடியில் துளையுள்ள தொட்டி போதும். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் படவேண்டும். பிற்பகலில் நிழல் வேண்டும். கிழங்கை நடுவோர், அதன் கழுத்தில் முளைக்கண் இருத்தலை உறுதிசெய்து நடுக. முளை மண்ணுக்குமேல் தோன்றும்வரை மிகுதியாக நீர் விடலாகாது. உயர்வகையாயின் நடும்போதே கொம்பு ஊன்றவேண்டும். பின்னர் ஊன்றினால் கிழங்கு புண்படும். மூன்று நான்கு இணை இலைகள் விட்டதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பெருகும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ குறையும். நத்தைகளை இரவில் விளக்கொளியில் பொறுக்கி அகற்றலாம். இலையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் படர்ந்து செடி குறுகினால், அது அசுவினி பரப்பும் தேமல் நச்சுயிரியாக இருக்கக்கூடும். அந்நோய்க்கு மருந்தில்லை. கிழங்கிலும் அது தங்குமாதலால், செடியை இரக்கமின்றிப் பிடுங்கி அழிப்பதே பிற செடிகளைக் காக்கும் வழி.

தமிழ் பயில்வோர்க்கு இங்கு ஒரு வினா எழலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் இடம்பெறாத, கடல் கடந்து வந்த இப்பூ எந்தத் திணைக்கு உரியது? தொல்காப்பியர் இதற்கு விடை தந்துள்ளார். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தாமல் வேறு நிலத்திற் காணப்படினும், அவை வந்து சேர்ந்த நிலத்தின் கருப்பொருளாகவே கொள்ளப்படும் என்பது அவர் வகுத்த விதி. செய்யுளுக்குக் கூறிய விதி செடிக்கும் பொருந்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்களுக்கு இவ்விதியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் விதி மட்டும் செடியை வாழவைக்காது. வந்த நிலத்தில் ஒன்று வேர்கொள்ள, அதன் இயல்பறிந்து பேணும் ஒருவர் வேண்டும். ஆகவே டாலியாவை நடும் மாணவர், நட்ட நாளையும் நீர் விட்ட முறையையும் பூத்த நாளையும் ஓர் ஏட்டில் குறித்துவைப்பாராக. முதற்பக்கத்தில் நட்டவர் பெயரையும் எழுதுதல் வேண்டும். இம்மலரின் நீண்ட வரலாற்றில் நேர்ந்த பெருங்குறை அப்பெயர்களை எழுதாமல் விட்டதே.