கால் பிடிக்கவும் ஒரு காலேஜ்

14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சவங்களுக்குத்தான் கால் பிடிச்சு விடறவரோட அருமை தெரியும். எங்க திருவண்ணாமலையில ரமணர் மூட்டுவலியால அவதிப்பட்டப்போ தொண்டர்கள்தான் தைலம் தேய்ச்சு விட்டாங்க. யாரும் சான்றிதழ் கேட்கலை.

அப்போ சான்றிதழ் எங்கிருந்து வந்துச்சு? 1921-ல் சென்னை மாகாண அரசு, நாட்டு மருத்துவத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு போட்டுச்சு. 1923-ல் அறிக்கை. அதுக்கப்புறம் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி. படிச்சு முடிச்சா எல்.ஐ.எம். பட்டம். கூத்தைக் கேளுங்க, அதே பள்ளிதான் வளர்ந்து, 1960-ல் ஆங்கில மருத்துவம் சொல்லித்தர்ற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆச்சு! சித்தாவுக்கு 1964-ல் பாளையங்கோட்டையில் தனிக் கல்லூரி வந்துச்சு.

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குப் பேரு தொக்கணம். 32 புறமருத்துவ முறைகளில் ஒண்ணு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல்னு அதுக்குள்ளேயே 9 வகை. சித்த மருத்துவராகி இதைச் செய்யணும்னா இன்னிக்கு நீட் எழுதி, பயிற்சிக் காலத்தோட சேர்த்து 5½ வருஷம் பி.எஸ்.எம்.எஸ். படிக்கணும்.

படிப்பு வந்தது நல்லதுதான். எங்கே அழுத்தக்கூடாதுன்னு தெரியாத கை ஆபத்து. ஆனா முடிதிருத்துற சமூகத்துக்கு 'மருத்துவர்'னே ஒரு பேரு உண்டு. வைத்தியமும் பிரசவமும் அவங்க கையில இருந்த காலம் அது. குமரிப் பக்கம் வர்ம ஆசான்களும் அப்படித்தான், குருகிட்ட இருந்து கை வழியா வந்த வித்தை. பேரிலேயே மருத்துவம் வெச்சிருந்தவங்க, பட்டம் இல்லைன்னு வெளியே நின்னுட்டாங்க. அவங்களைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கச் சொன்னா கல்லூரிக்குத்தானே லாபம்? நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே?