கோடும் எழுத்தும் சொன்ன கதைகள்



சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை அழைத்துக்கொண்டு தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குச் சென்றிருந்தேன். எமது மாத்தளை மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் இடம் அது. 1991 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரண்டாம் குகையில், எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருதும் ஓவியத்தின் கீழ் நின்று விளக்கம் கூறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மாணவனின் குரல் எழுந்தது: "சேர், இது காமிக்ஸ் மாதிரியே இருக்கு!" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கூறியது சரியென்றே பட்டது.

கண்டிக்கு அருகேயுள்ள தெகல்தொருவை விகாரைக்குப் போனவர்கள் இதை இன்னும் தெளிவாக உணர்வார்கள். 18 ஆம் நூற்றாண்டில் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் தீட்டப்பட்ட அச்சுவர்களில் வெஸ்ஸந்தர ஜாதகக் கதை வரிசை வரிசையாக நகர்கிறது. ஒரே பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றும், கதை முன்னேறும். தமிழகத்தின் திருவாரூர்க் கோயிலில், தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே படங்களோடு தமிழில் விளக்க வரிகளும் உண்டு. படத்தையும் எழுத்தையும் இணைத்துக் கதை சொல்வது எமது மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் இலக்கியம் பேசும் நாம், அச்சில் வந்த சித்திரக்கதையை வாசற்படிக்கு வெளியே நிறுத்தியே பழகிவிட்டோம்.

இந்தக் குற்றச்சாட்டில் முதற் குற்றவாளி நானே. ஆசிரியப் பணியின் தொடக்க காலத்தில், பாடவேளையில் காமிக்ஸ் வாசித்த மாணவனொருவனிடமிருந்து புத்தகத்தைப் பறித்தேன். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை. தவணை முடிவில் தருவதாகக் கூறினேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தை வெகுநாட்களின் பின்னரே புரட்டிப் பார்த்தேன். அது ஒரு ரிப் கெர்பி கதை.

1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. அவை கடல் கடந்து எம்மூர்ச் சலூன்களுக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கும் வந்தன. மாயாவியை அறியாதவர் அக்காலத்தில் இல்லை. ஆனால் மாயாவியின் புகழில் ரிப் கெர்பி மறைந்துபோனார். அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் ரேமண்ட் 1946 இல் படைத்த துப்பறிவாளர் அவர். மூக்குக்கண்ணாடியும் புகைக்குழாயும் உடையவர். துப்பாக்கியை விட மூளையையே நம்புபவர். அவருடைய பணியாளர் டெஸ்மண்ட், முன்னாள் திருடர். உலகப் போர் முடிந்து திரும்பிய மனிதர்களின் களைப்பையும் நாகரிகத்தையும் அக்கோடுகளில் காணலாம். பறித்த நூலை முடித்தபோது, அந்தப் பிள்ளையின் இரசனை என்னுடையதை விட உயர்ந்ததாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெளியூர்க் கதைகளைப் பேசிவிட்டு எம்மவரை மறப்பது முறையல்ல. சிங்களத்தில் 1951 இல் 'லங்காதீப'வில் ஜீ. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெரிய மரபே உருவாயிற்று. ஈழத்துத் தமிழில் இவ்வாறு நினைக்கத்தக்க பெயர் சிரித்திரன் சுந்தர். சி. சிவஞானசுந்தரம் என்ற அவர் 1924 இல் பிறந்து 1996 இல் மறைந்தார். 'தினகரன்' பத்திரிகையில் அவர் வரைந்த சவாரித் தம்பர், யாழ்ப்பாணக் கிராமத்து மனிதரின் நடையையும் பேச்சையும் அப்படியே கொண்டு வந்தார். 1963 இல் கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' பின்னர் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. சீதனம், சாதித் திமிர், உத்தியோக மோகம் ஆகியவற்றை அவர் சில கோடுகளில் தோலுரித்தார். நீண்ட கட்டுரை செய்யாத வேலையை ஒரு சிறு படம் செய்தது. 2005 இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய ஆவணகம் பல சிரித்திரன் இதழ்களைப் பாதுகாத்து வைத்துள்ளது. இளைய தலைமுறை அங்கே சென்று சவாரித் தம்பரைச் சந்திக்க வேண்டும்.

அடுத்து 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்வில் நடந்த தீண்டாமைக் கொடுமைகளைச் சொல்லும் இச்சித்திர நூலை 2011 இல் நவயானா பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது, தமிழிலும் வந்திருக்கிறது. மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தனர். வழக்கமான சதுரக் கட்டங்களுக்குள் கதையை அடைக்க அவர்கள் விரும்பவில்லை. அன்பான சொற்கள் பறவை உருவான பேச்சுக்குமிழிலும், நஞ்சு தோய்ந்த சொற்கள் தேளின் கொடுக்கு உடைய குமிழிலும் வருகின்றன. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாதவனும் எச்சொல் கொட்டும் என்று அறிவான். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் பக்கத்தை மலையகப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று.

ஈரானின் மர்ஜான் சத்ரபி தமது இளமைக் காலத்தைக் கறுப்பு வெள்ளையில் சொன்ன 'பெர்செபோலிஸ்' நூலும் தமிழில் கிடைக்கிறது. புரட்சியும் போரும் ஒரு சிறுமியின் வீட்டுக்குள் எவ்வாறு நுழைந்தன என்பதை அதில் காணலாம்.

இறுதியாக, எமது நெஞ்சுக்கு மிக அருகிலுள்ள ஒன்று: 2019 இல் வெளியான 'வன்னி' என்னும் ஆங்கிலச் சித்திர நாவல். ஐக்கிய நாடுகள் பணியாளராக வன்னியிலிருந்து, 2008 இல் ஐ.நா. அங்கிருந்து விலகிக்கொண்டபோது வெளியேற நேர்ந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்தார். கற்பனைக் குடும்பமொன்றின் கதைதான்; ஆனால் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களிலிருந்து எழுந்தது. ஆழிப்பேரலை முதல் இறுதிப் போர் வரை அந்தக் குடும்பம் நடந்த வழியை, கோடுகள் உரத்த குரலின்றிக் காட்டுகின்றன. அழுகையை எழுத்தால் சொன்னால் வாசகன் கண்ணை மூடிக்கொள்ளக்கூடும். படம் அவனைப் பார்க்க வைக்கிறது.

நேயர்களே, தம்புள்ளைச் சுவரில் எல்லாளனும் துட்டகைமுனுவும் ஒரே கூரையின் கீழ் இன்றும் இருப்பதற்குக் காரணம், யாரோ அந்த ஓவியங்களைப் பேணி வந்ததுதான். எமது சித்திரக்கதைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. வாசித்ததும் கடலை சுற்றக் கொடுத்தோம். வகுப்பில் பறித்துக் குப்பையில் போட்டோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ் ஏதேனும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் கொடுங்கள், பக்கத்தில் அமர்ந்து நீங்களும் வாசியுங்கள்.

அந்த ரிப் கெர்பி புத்தகம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. உரியவன் கேட்டு வந்தால், மன்னிப்போடு திருப்பிக் கொடுப்பேன்.